கதவில் கைரேகை படக்கூடாது

மனிதனை மனிதனாக்கியவை நெருப்பும் சக்கரமும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்கு விவரம் அவ்வளவுதான். மனிதனின் அறிவுக் கண்ணைத் திறந்தது கொலைக்கதை. நெருப்பு அடுப்பெரித்தது, சக்கரம் வண்டியோட்டியது, சரி. எதிர்வீட்டுக்காரர் வழக்கமாக வலது கையில் பிடிக்கும் பையை இன்று ஏன் இடது கையில் பிடித்திருக்கிறார் என்று ஒருவனை யோசிக்கவைக்க நெருப்பால் முடியுமா? கொலைக்கதையைப் படித்து முடித்தவன், படிக்க உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் கூர்மையானவனாக, நிதானமானவனாக, அக்கம்பக்கத்தார்மேல் அக்கறை மிகுந்தவனாக எழுந்திருக்கிறான். சந்தேகம் இருப்பவர்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் வரலாற்றைக் கேட்டால் போதும்.

கடைக்காரருக்குத் தெருமுனையில் சின்னக் கடை. பகலெல்லாம் பிறர் பார்வையைச் சரிசெய்வார். மிச்ச நேரமெல்லாம் கொலை படிப்பார். படித்தது தொழிலுக்கும் உதவியது. ஒருமுறை ஒருவர் கால் வளைந்த கண்ணாடியோடு வந்தார். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்ல சண்டையா?"

"இல்ல சார். தெரியாம மேல உக்காந்துட்டேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் கடைக்காரர், பரிவோடு. வந்தவர் அடுத்த கண்ணாடியை வேறு கடையில் வாங்கினார். இதுவும் குற்ற உணர்ச்சியின் அடையாளம் என்று கடைக்காரர் புரிந்துகொண்டார்.

அவர் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் 'கொலைக்கதை வாசகர் மன்றம்' ஒன்று சீரும் சிறப்புமாக இயங்கிவந்தது. தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பொருளாளர், மருந்துக்கடைக்கார அம்மா. விஷங்கள் குறித்த ஐயங்களை அவர்தான் தீர்த்துவைப்பார். யோகா மாஸ்டர் உளவியல் த்ரில்லர் பிரிவின் பொறுப்பாளர். கடைக்காரர் செயலாளர். மன்றத்துக்கு இரண்டே விதிகள். கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர். சம்பவம் நடந்த இடத்தில் எதையும் தொடக்கூடாது. முதல் விதியை மீறிய ஒருவரை ஏற்கெனவே நீக்கியிருந்தார்கள். இரண்டாவதைக் கடைப்பிடிக்கத்தான் ஒரு வாய்ப்பும் அமையவில்லை. கட்டடத்தில் யாரும் யாரையும் கொல்லாமல் காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்காரரின் மனைவி தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

"சாயங்காலம் வந்துடுவேன். மேல்வீட்டு அக்கா என் துணியைத் தைச்சு முடிச்சிருந்தா வாங்கி வைங்க. கேக்குதா?"

"ம்."

"என்ன சொன்னேன்?"

"கத்தியில ரத்தம் இல்ல" என்றார் கடைக்காரர், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். மனைவி தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

வீடு காலியாக, சோஃபாவில் கால் நீட்டி, வயிற்றின்மேல் ஒரு தடித்த கொலையை விரித்துவைத்துக்கொள்ளும் சுகம் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முன்பின் தெரியாத ஒருவர் நூலகத்தில் செத்துக்கிடக்க, நமக்கு உடம்பெல்லாம் இதமாக இருக்கும். அந்தச் சுகத்துக்கு ஒரே இடைஞ்சல் மேல்வீட்டுத் தையல்காரம்மாவின் மெஷின். தனியாக இருக்கும் மனுஷி, ஞாயிறு என்றும் பாராமல் கடகடவென்று ஓட்டிக்கொண்டிருப்பார். போன வாரம்கூட மாடிப்படியில் நிறுத்தி, "ஒரு நாளாவது நிம்மதியா படிக்க விடக்கூடாதா?" என்று கேட்டிருந்தார் கடைக்காரர்.

இன்றும் மெஷின் ஓடியது. பிறகு நின்றது. பிறகு மேலே ஏதோ கனமாக விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"அப்பாடா!" என்றார் கடைக்காரர்.

ஆனந்தமாக நாலு அத்தியாயம் போனது. ஐந்தாவதில் விட்டத்தில் டொக், டொக், டொக் என்று தட்டும் சத்தம் ஆரம்பித்தது. மெஷின் போய் இது வந்ததா என்று எரிச்சலோடு எழுந்து, துடைப்பக் கட்டையால் விட்டத்தை ஓங்கி மூன்று முறை இடித்தார். மேலே ஒரு கணம் அமைதி. பிறகு முன்னைவிட உற்சாகமாக டொக் டொக் டொக் டொக்.

"என்ன திமிரு பாரு" என்று உட்காரப் போனவர் அப்படியே நின்றார். விழுந்த சத்தம். நின்றுபோன மெஷின். மர்மமான தட்டல். பாமரன் யாரும் இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப்போட்டிருக்க மாட்டான். கடைக்காரர் போட்டார். மன்றத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"முதல்ல ஒண்ணு. யாரும் எதையும் தொடலையே?" என்று கேட்டபடி வந்தார் தலைவர். ஞாயிற்றுக்கிழமைக்குக் கோட் போட்டிருந்தார்.

"தொடல சார். விட்டத்தை மட்டும் துடைப்பக் கட்டையால."

"அது கீழ்ப்பக்கம். பரவாயில்ல."

நால்வரும் சுவர் உரசாமல், கைப்பிடி தொடாமல், வரிசையாக மாடியேறினார்கள். தையல்காரம்மாவின் கதவு பூட்டியிருந்தது. வாசலில் காலைச் செய்தித்தாள் அப்படியே கிடந்தது. கதவோரம் பித்தளை அழைப்புமணி. பழக்கதோஷத்தில் மருந்துக்கடைக்கார அம்மா அதை நோக்கி விரலை நீட்டினார்.

"அம்மா! கைரேகை!" என்று கத்தினார் தலைவர்.

அவர் சுட்டுக்கொண்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். பெரும் அபாயம் ஒன்று மயிரிழையில் தவிர்க்கப்பட்டது.

அப்போது உள்ளேயிருந்து மெலிசாக ஒரு குரல் வந்தது. "யாரு... யாராவது... கதவைத் திறங்களேன்..."

கடைக்காரர் கதவில் படாமல் காதைக் கொண்டுபோனார். "அவங்க குரல்தான் சார்."

யோகா மாஸ்டர் கண்களை மூடி, மூச்சை இழுத்து விட்டார். "அவங்க குரல் மாதிரி இருக்கு. அந்த 'மாதிரி'யைக் கவனிக்கணும். கொலையாளிக்குப் பாதிக்கப்பட்டவங்களாவே மாறிடணும்னு ஒரு ஆசை வரும். எல்லாம் மனசு."

"போன வாரம் நான் படிச்சதுல இப்படித்தான் கூப்பிட்டாங்க" என்றார் மருந்துக்கடைக்கார அம்மா. "கதவைத் திறந்தவன் அடுத்த அத்தியாயத்துல இல்ல."

"போன் பண்ணிப் பாக்கலாமே" என்றார் கடைக்காரர். செய்தார்கள். உள்ளே போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கல" என்றார் தலைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "உயிரோட இருக்கறவங்க போனை எடுப்பாங்க. ரொம்ப வருத்தமான விஷயம்."

நால்வரும் தலைகுனிந்து மௌனம் அனுசரித்தார்கள். உள்ளேயிருந்து, "யாரு பேசறது? எனக்கு எழுந்திருக்க முடியல" என்ற குரல் மௌனத்தைச் சற்றே குலைத்தது.

ஒருவேளை தையல்காரம்மா வெறுமனே கீழே விழுந்திருப்பாரோ என்று கடைக்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் அதற்காக வெட்கப்பட்டார். முதலில் தோன்றுவதே சரியான விளக்கம் என்றால், புத்தகத்துக்கு எதற்கு முந்நூறு பக்கம்?

"போலீஸைக் கூப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டுப்பார்த்தார்.

"போலீஸா? எந்தக் கதையிலயாவது அவங்க கண்டுபிடிச்சிருக்காங்களா?" என்றார் தலைவர். மற்றவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தார்.

கூட்டம் கடைக்காரர் வீட்டில் தொடர்ந்தது. தலைக்கு மேலே தட்டல் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. தேநீர் போட அடுப்படிக்குப் போன யோகா மாஸ்டர், "யாரும் அசையாதீங்க!" என்று கத்தினார். ஆணியில் ஒரு சாவி தொங்கியது. மேல்வீட்டு எண் எழுதிய சாவி.

"இது... அவங்க வீட்டு மாற்றுச் சாவி" என்றார் கடைக்காரர். "ஏதாவது அவசரம்னா இருக்கட்டும்னு என் வீட்டுக்காரிகிட்ட கொடுத்து வச்சிருக்காங்க."

நால்வரும் சாவியைப் பார்த்தார்கள். சாதாரண மனிதர்களாக இருந்தால் அதை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். மன்றத்தினர் பயிற்சி பெற்றவர்கள். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி பொருத்தும் இடுக்கியைக் கொண்டுவரச் சொல்லி, அதால் சாவியைப் பிடித்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார்கள். பையை மேஜை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பூட்டின வீடு. சாவி இருக்கறது ஒரே ஒருத்தர்கிட்ட" என்றார் தலைவர். "அவங்க இன்னிக்கு மட்டும் ஊர்ல இல்ல. தங்கை வீடு. சாட்சி சொல்லவும் தங்கைதான்."

"கட்டடத்துல எல்லாரும் நல்லவங்கன்னு சொல்ற ஒரே ஆளும் அவங்கதான்" என்றார் மருந்துக்கடைக்கார அம்மா, குரலைத் தாழ்த்தி. "யாருமே சந்தேகப்படாத ஆள்."

அதற்குமேல் ஆதாரம் வேண்டுமா? எல்லாரும் கடைக்காரரைப் பார்த்தார்கள். கல்யாணமான நாள்முதல் தன்னோடு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவளைப் பற்றி அவர் யோசித்தார். ஒரு கொலைக்கதையைக்கூட அவள் படித்து முடித்ததில்லை. ஏன்? செய்முறை தெரிந்தவர்களுக்குப் புத்தகம் எதற்கு! அவருக்கு வேர்த்தது. வேர்த்தாலும், சொன்னால் வெட்கம், உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. தன் வீட்டிலேயே ஒரு கொலைகாரி!

கடைசி அத்தியாயத்தில் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துத்தான் குற்றவாளியைச் சொல்ல வேண்டும் என்பதால், மனைவி திரும்பும்வரை காத்திருக்கத் தீர்மானமாயிற்று. மேலே தட்டல் இடைவெளி விட்டுக் கேட்டது. பிறகு இன்னும் இடைவெளி விட்டு. "கொலையாளி களைச்சுட்டான்" என்று யோகா மாஸ்டர் விளக்கினார். கடைக்காரர் மட்டும் ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டத்தைப் பார்த்தார். மறுபடி தட்டியதும் ஏனோ மூச்சு வந்தது. எழுந்து போய் ஒருமுறை பார்த்தால் என்ன என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை. கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் மனைவி வந்தாள். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. ஒன்று காலியாக இருந்தது.

"உக்காரு" என்றார் கடைக்காரர். காலி நாற்காலியைக் காட்டினார். "ஏம்மா இப்படிப் பண்ணின?"

"என்ன பண்ணினேன்? தங்கச்சி வீட்ல சாப்ட்டேன்."

"மேல்வீட்டு அக்காவைக் கொன்னது நீதான்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

மனைவி நால்வரையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்போது விட்டத்தில், ரொம்ப மெதுவாக, டொக் என்றது.

"அது யாரு?"

"கொலைகாரன்" என்றார் தலைவர்.

"கொலைகாரி நான்தானே? நான் இங்க நிக்கிறேனே?"

மன்றம் இந்தக் கோணத்தைப் பரிசீலித்திருக்கவில்லை. பரிசீலிப்பதற்குள் அவள் மேஜையிலிருந்த பையைப் பறித்து, பல்லால் கிழித்து, சாவியோடு மாடிக்கு ஓடினாள். "தொடாதீங்க! தொடாதீங்க!" என்று தலைவர் கத்திக்கொண்டே பின்னால் போனார்.

தையல்காரம்மா கவிழ்ந்த ஸ்டூலுக்கும் மெஷினுக்கும் நடுவில் கிடந்தார். பரணிலிருந்து துணி எடுக்க ஏறியவர். இடுப்பெலும்பு போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கையில் பெரிய கத்திரிக்கோல், கைப்பிடிப் பக்கம் தரையைப் பார்த்தபடி. போன் மேஜைமேல், எட்டாத உயரத்தில் இருந்தது.

"அங்க என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? தண்ணி!" என்று மனைவி அலறினாள். வாசற்படியில் கால் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த கடைக்காரர் உள்ளே ஓடினார்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது தலைவர் குனிந்து, தம் வாழ்நாளெல்லாம் கேட்கக் காத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"அம்மா, உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"காலையில ஸ்டூல் மேலதான் சந்தேகம் இருந்துச்சு" என்றார் தையல்காரம்மா. "நீங்க எல்லாம் வாசல்ல வந்து பேசினதுக்கு அப்புறம் சந்தேகமே இல்ல."

தலைவர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். தையல்காரம்மா கடைக்காரரைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"முதல்ல கீழயிருந்து நீங்க திருப்பித் தட்டினீங்களே தம்பி. கேட்டுடுச்சு, வர்றாங்கன்னு நெனச்சேன். சந்தோஷத்துல அழுதுட்டேன்."

ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் போனது. மனைவியும் கதவைப் பூட்டிக்கொண்டு கூடவே போனாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல். உறுப்பினர்கள் கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு அவரவர் வீட்டுக்கு இறங்கினார்கள்.

கடைக்காரர் பூட்டிய கதவின்முன் தனியாக நின்றார். பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்து கடைப் பூதக்கண்ணாடியை எடுத்து அழைப்புமணியின் பித்தளைப் பொத்தானைப் பார்த்தார். தையல்காரம்மா வாரக் கடைசியில் துடைத்து வைத்த மெருகு அப்படியே இருந்தது. நாலு பேர் நாள் முழுக்கப் பாடுபட்டும் ஒரு விரல்கூட அதில் பதியவில்லை. அவர் படித்த அத்தனை புத்தகங்களிலும், இவ்வளவு சுத்தமாக யாரும் யாரையும் கொல்லப் பார்த்ததில்லை.