பார்க்காமல் எழுதாத 'பார்ன் அண்ட் ரெய்ஸ்ட்'

ஒரு மனிதன் எங்கே பிறந்து வளர்ந்தான் என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் நம்பாதவர் இவ்வுலகில் ஒருவரே இருந்தார். அவர் சுங்கைப் பட்டாணி நகரில், ஒரு மளிகைக் கடையின் முன்புற நடைபாதையில், தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருந்தார்.

ஆங்கிலத்தில் மனு எழுதித் தருவது அவர் தொழில். ஊரார் அவருக்கு வைத்த பெயர் 'பார்ன் அண்ட் ரெய்ஸ்ட்'. 'இன்ன இடத்தில் பிறந்து வளர்ந்தவர்' எனப் பொருள்படும் அத்தொடரை, அவ்விடத்தைத் தம் காலால் மிதித்த பின்னரே தட்டுவார். பீடோங் ஊர் மாப்பிள்ளை ஒருவரின் கல்யாணப் பயோடேட்டாவுக்காக அந்த மாப்பிள்ளை பிறந்த வீட்டுக் குளியலறை வரை போய் வந்தாராம். பெண் வீட்டார்கூட அவ்வளவு விசாரிக்கவில்லை.

என் அண்டை வீட்டுச் செல்வமேரி அக்காவும் அவரிடம் அகப்பட்டார். சுங்கை லாலாங் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்து வீடுகளை இடித்த தோட்ட நிர்வாகம், அங்கேயே பிறந்து வளர்ந்தோருக்கு மட்டும் புதுவீடு என அறிவித்திருந்தது. அங்கே பிறந்து வளர்ந்த அக்காவோ வீடு போனபின் என் பக்கத்து வீட்டு வாடகை அறையில் இருந்தார். மனு எழுதப் போனபோது துணைக்கு நானும் சென்றேன்.

"எழுதுங்க லா அண்ணே! மனு குடுக்க நாளைக்கு தேதி முடியுது."

"எடம் பாக்கணும்மா."

"எடமா? எல்லாம் செம்பனை ஆயிருச்சு. மரத்துக்கிட்ட போயி என்னையத் தெரியுமான்னு கேப்பீங்களா?"

"கேப்பேன். ஏறும்மா மோட்டார்ல."

நான் என் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்ந்தேன். எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்களுக்கிடையே வெயில் பச்சை நீராய்த் தேங்கி நின்றது. எப்பக்கம் திரும்பினும் ஒரே வரிசை. அக்கா திகைத்தார், பின்பு கண்களை மூடினார். இல்லாத குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒருபுறம் சாய்ந்து, மெல்ல நடக்கலானார். பேச வாயெடுத்த என்னை மனுக்காரர் விரலால் அடக்கினார்.

"இங்கதான் பைப்பு," என்று அக்கா நின்றார்.

மனுக்காரர் சருகைக் காலால் விலக்கினார். பழைய குழாயடிச் சிமெண்டுத் திட்டு ஒன்று தெரிந்தது. உடனே செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

"இன்னும் வழுக்குதும்மா," என்றார் பரவசத்தோடு. "இப்ப எழுதலாம்."

அக்காவுக்கு வீடு கிடைத்தது.

சென்ற மாதம் மனுக்காரர் மறைந்தார். பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அவருடைய ஊர் எவருக்கும் தெரியவில்லை.

"நம்ம எல்லாரு ஊரையும் போயி பாத்தாரு. அவரு ஊர நாம ஒருத்தரும் கேக்கலியே தம்பி," என்று அக்கா விம்மினார்.

நான் அவர் உட்கார்ந்திருந்த மளிகைக் கடை வாசலுக்குச் சென்றேன். சிமெண்டுத் தரையில் அவருடைய மேசைக் கால்கள் நான்கு குழிகளைப் பதித்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின் நடுவே சிறிது நேரம் நின்றேன். அதன் பின்னரே எழுதினேன்: ஊர், சுங்கைப் பட்டாணி.