பேச வைத்த பூஜிதா

அந்தப் பக்கமாக வந்த பூஜிதாவின் கையில் ஆறுச்சாமி ஒரு துண்டுச்சீட்டை வைத்தார்.

'சுப்பையனிடம் சொல்லவும். பம்பு பன்னிரண்டும் தயார்.'

சுப்பையன் ஆறடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

துடியலூர் பம்பு கம்பெனியில் பூஜிதா எச்.ஆர். அதிகாரியாகச் சேர்ந்து ஒன்பது நாள். பம்பை மாட்டும் பிரிவுக்கு ஆறுச்சாமி ஃபோர்மேன். மாட்டியதைச் சோதிக்கும் பிரிவுக்குச் சுப்பையன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான்கு மணிக்கு லாரி வந்துவிடும். லோடு தவறினால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்று முதலாளி காலையிலேயே சொல்லியிருந்தார். இப்போது போய்ச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தால்?

இருவரையும் அறைக்கு அழைத்து எதிரெதிரே உட்கார வைத்தாள்.

"மனசுல இருக்கறதைப் பேசிருங்க."

"வேண்டாமுங்க அம்மணி," என்றார் ஆறுச்சாமி. "இது இப்படியே ஓடட்டுமுங்க."

"ஆளுக்கு ஒரே ஒரு குறை. அவ்வளவுதான்."

சுப்பையன் தொண்டையைச் செருமினார். "இவரு முறுக்கற போல்ட்டு லூசுங்க."

ஆறுச்சாமிக்குக் காது சிவந்தது. சமரசப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை பூஜிதா அவசரமாக நினைவுபடுத்திக்கொண்டாள்.

"கோபப்படாதீங்க. அவர் சொன்னதை நீங்க திருப்பிச் சொல்லுங்க. சரியாப் புரிஞ்சுதான்னு பார்க்கலாம்."

"என்னை லூசுங்கறாருங்க."

"போல்ட்டைச் சொன்னேனுங்க!"

"பாருங்க, அதுக்குள்ள மாத்திப் பேசறாருங்க!"

நாற்காலி சாய்ந்தது. கொஞ்சம் காற்று வரட்டும் என்று பூஜிதா கதவைத் திறந்தாள். கதவில் காதை வைத்துக்கொண்டிருந்த இரண்டு பிரிவு ஆட்களும் உள்ளே வந்து விழுந்தார்கள்.

"மரியாதையாப் பேசுங்க!"

"மொதல்ல நீங்க வாயை மூடுங்க!"

ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கேட்டில் லாரி ஹாரன் அடித்தது. பூஜிதாவின் போனில் முதலாளி.

"அண்ணா, போதுமுங்க, நிறுத்துங்க!" என்று நடுவில் போய் நின்றாள்.

"பேசச் சொன்னதே நீங்கதானுங்களே!" என்று ஃபோர்மேன் இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள்.

போனை எடுக்கத் துணிவில்லாமல் பூஜிதா நடைக்கு வந்தாள். பதினைந்து வருடமாக அங்கே டீ போடும் சாந்தாமணி தட்டோடு நின்றிருந்தாள்.

"ஏனுங்கக்கா, இத்தனை வருசத்துல இவங்களுக்குச் சமாதானம் பண்ணி வைக்க ஒருத்தருமே இல்லையா?"

"இல்லாம என்னங்கம்மணி? எட்டு வருசத்துக்கு முந்தி உங்க எடத்துல இருந்த மேடம் மூணு நாளு பஞ்சாயத்துப் பேசி, இனி ரெண்டு பேரும் பேசிக்கவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டுப் போனாங்களே, அதைத்தானுங்க நீங்க இப்ப கலைச்சுப்போட்டீங்க."