தாங்கள் தாங்களாகவே இருக்க

மனிதன் தானாகவே இருக்கத் துணிந்த நாள் எது என்று அறிஞர்கள் வீணாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அது 1961-ஆம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை. இடம், திண்டுக்கல்லில் முகமது பாரூக்கின் போட்டோ ஸ்டூடியோ. துணிந்தவன் சேவுகம்பட்டி நாச்சிமுத்து.

அதுவரை நாச்சிமுத்துவுக்கு அப்படியொரு லட்சியமே கிடையாது. ஒட்டன்சத்திரம் கருப்புசாமியின் மகள் சுந்தரம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சந்தையில் தக்காளிக் கூடை இறக்கும்போது அவளைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்டூடியோவில் வருகிறவர்களுக்கெல்லாம் மாட்டிவிடும் பொதுக் கோட்டைப் போட்டுப் படம் எடுத்து, தரகர் வேலுசாமியிடம் கொடுத்தனுப்பினான். போன வேகத்தில் படம் திரும்பி வந்தது.

"'இந்தக் கோட்டைப் போன மாசமே வேண்டாம்னு சொல்லிப்போட்டமுங்களே'ங்கிறாருப்பா கருப்புசாமி," என்றார் வேலுசாமி. "உள்ள இருக்கறது வேற ஆளுன்னேன். 'எங்களுக்குக் கோட்டுத்தானுங்க தெரியுது'ன்னுட்டாரு."

பாரூக் கலங்கவில்லை. அவர் அப்போதுதான் மதுரையில் போட்டோக்காரர்கள் மாநாட்டுக்குப் போய், 'படைப்பாற்றல்' பற்றிய சொற்பொழிவை முழுதாகக் கேட்டு, அதில் பாதி நேரம் விழித்தும் இருந்தவர்.

"கோட்டக் கழட்டுங்க அப்பு. ஒங்களுக்குள்ள ஒரு நீங்க இருக்கீக. அவரத் தைரியமா வெளிய விடுங்க," என்று சொல்லிவிட்டு, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"துணிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு என்னைய வெளிய வரச் சொல்றீகளே பாய்!" என்று நாச்சிமுத்து தெத்துப்பல் தெரிய, தோள் துண்டு நழுவ, விழுந்து விழுந்து சிரித்தான். அந்த நேரம் பார்த்துப் பாரூக்கின் கை கேமராவின் பொத்தானை அமுக்கிவிட்டது.

"இவரு மனுசனாட்டம் இருக்காருங்கப்பா," என்றாள் படத்தைப் பார்த்த சுந்தரம்மாள். பெண் பார்க்க வரச்சொல்லித் தகவல் வந்தது.

இது கலையின் வெற்றி. ஆகவே பாரூக் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'தாங்கள் தாங்களாகவே இருக்க உள்ளே வருக' என்று போர்டும் மாட்டினார். கல்யாணமாகாத வாலிபர்கள் திரண்டார்கள். எல்லோரும் துண்டை நழுவவிட்டார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெத்துப்பல் இல்லாதவர்கள் கடவுளை நொந்துகொண்டார்கள். வெங்காய மண்டி மொக்கைச்சாமி தினமும் வந்து, நிலைக்கண்ணாடி முன் நின்று 'தானாக இருக்க'ப் பழகினான். பழகி எடுத்த படத்தைக் கருப்புசாமிக்கே அனுப்பினான்.

கருப்புசாமி, சிக்கன நடவடிக்கையாக, இருவரையும் ஒரே நாளில் வரச்சொன்னார்.

சுந்தரம்மாள் காப்பி கொண்டுவந்தாள். அவளைப் பக்கத்தில் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு வாய் ஒட்டிக்கொண்டது. வேர்த்து விறுவிறுத்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிரியம் வந்தால் அவன் அப்படித்தான். மொக்கைச்சாமியோ வாசற்படியில் ஆரம்பித்த சிரிப்பை வெற்றிலைத் தட்டு வரைக்கும் நிறுத்தவில்லை. துண்டு நழுவியபடியே இருந்தது.

"மொத வந்த படத்துல இருக்கறவரு இவருதானுங்க," என்று மொக்கைச்சாமியைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார் கருப்புசாமி. "அவரு யாரோ போலிங்க."

"ஏனுங்கப்பா, மூஞ்சி வேறயா இருக்குதுங்களே?" என்றாள் சுந்தரம்மாள்.

"மூஞ்சி கெடக்குது புள்ள. சிரிப்பப் பாரு."

கல்யாணத்துக்கு நாச்சிமுத்து போகாமல் இருந்திருக்கலாம். அவளை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆசையில் போனான். மணமேடைக்கு எதிரே பாரூக் துணிக்குள் தலையை விட்டதும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு மறந்துபோனது. கூட்டத்தில் நாச்சிமுத்துவைக் கண்டதும்தான் உயிர் வந்தது.

"அண்ணே, செத்த நேரம் சிரிச்சுக் காட்டுங்கண்ணே!"

நாச்சிமுத்துவுக்கு அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் நல்ல காரியம் நடக்கிற இடம். சிரித்தான். அதைப் பார்த்து மாப்பிள்ளை சிரித்தான். படம் பிரமாதமாக வந்தது.

ஒரே ஒரு குறை. மணப்பெண் கேமராவையும் பார்க்காமல், மாப்பிள்ளையையும் பார்க்காமல், கூட்டத்தில் சிரித்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாரூக் மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து, அவள் கண்களை மாப்பிள்ளை பக்கம் திருப்பிவைத்துக் கொடுத்தார். படைப்பாற்றல் என்றால் சும்மாவா!