எந்தச் சர்வர் என்று மாப்பிள்ளைதான் சொல்ல வேண்டும்

திண்டுக்கல்,
ஐப்பசி 22

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு, மாமனார் காத்தமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரும் சுகம். அங்கே தாங்களும் தமிழ்மதியும் பேரனும் உங்கள் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசியாகச் சொன்ன ஆளின் சுகத்தை மட்டும் நீங்கள்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒன்பது நாளாக அவள் என் போனை எடுப்பதில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போனுக்கு நான் அனுப்புவதை எல்லாம் உங்கள் அத்தைதான் முதலில் படிக்கிறாள், படித்துவிட்டுத் தமிழ்மதிக்கு வாசித்தும் காட்டுகிறாள் என்று தெரிகிறது. ஆகவே இதை உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன்.

விஷயம் முழுக்க முழுக்கத் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது. பிரசவத்துக்குத் துணையாக இரண்டு மாதம் என்று ஆனியில் புனேவுக்கு வந்தவள், மாதம் ஐந்தாகியும் அங்கேயே இருக்கிறாள். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வீடியோவில் பேசலாம் என்றால் அவள் போனைப் பிடிக்கிற பிடியில் எனக்கு உங்கள் வீட்டு மின்விசிறிதான் தெரியும். இதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான், பிள்ளை தூங்கும் நேரத்தில் விளையாடட்டும் என்று அந்தக் கட்டைகளை அடுக்கி வீடு கட்டும் விளையாட்டை உங்கள் லேப்டாப்பில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். என்னிடம், "மாமா, வீட்டுலயே ஒரு தனி சர்வர் போட்டுருங்க. அத்தையும் நீங்களும் ஒரே தோட்டத்துல நடக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை" என்றீர்கள். வேடசந்தூர் நூற்பாலையில் முப்பத்திரண்டு வருடம் ஆபீஸ் வேலை பார்த்து, ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டு நிமிடம் எனக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

சர்வரை முதல் தடவை ஓடவிட்டதும் அது ஓடவில்லை. ஒப்பந்தத்துக்குச் சம்மதமா என்று கேட்டு நின்றுகொண்டது. ஒரு ஃபைலைத் திறந்து 'பொய்' என்று இருப்பதை 'மெய்' என்று மாற்ற வேண்டுமாம். பக்கத்தில் இருந்த சேக் பரீது, "மாத்திட்டுப் போவியா, எல்லாரும் அப்படித்தானப்பா செய்றாங்க" என்றார். (உங்கள் கல்யாணத்தில் பந்தியைக் கடைசிவரை நின்று கவனித்தாரே, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூட்டுக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான்.) படிக்காமல் நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டவன் இல்லை. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். புரியவில்லை. ஆனாலும் படித்துவிட்டுத்தான் சம்மதித்தேன்.

அப்புறம் பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் போனது. உங்கள் அத்தை கிழக்குப் பார்த்து ஒரு வீடு கட்டினாள். நான் ஒரு சுவர் எழுப்பினேன், அவள் அதை இடித்துவிட்டு நேராகக் கட்டினாள். தோட்டம் போட்டாள். சேக் பரீதும் தன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து வந்து பக்கத்து மனையில் குடியேறினார். பதின்மூன்றாம் நாள் காலையில் அவர் பெட்டியில் வைத்திருந்த நாற்பது பூசணிக்காயைக் காணோம்.

"ஏப்பா காத்தமுத்து, திண்டுக்கல்காரன் நடத்துற ஊருல ஒரு பூட்டுக்கூடவா இல்ல? வெளிய தெரிஞ்சா என் கடைக்கு எவன் வருவான்?" என்று, விளையாடிக்கொண்டே பேசுவதற்கு வைத்திருக்கும் மைக்கில் சத்தம் போட்டார்.

"அண்ணே, நான்தான் எடுத்தேன்" என்றாள் உங்கள் அத்தை, புனேவிலிருந்து.

"நாப்பதுமா தங்கச்சி?"

"சும்மாதான கெடந்துச்சு. வாசல்ல அடுக்கினா லட்சணமா இருக்கும்னு எடுத்தேன். பாக்க வாங்க."

அவர் பார்க்கப் போகவில்லை. பூட்டு உள்ள சர்வராக மாற்றினால்தான் இனி வருவேன் என்று சொல்லிவிட்டார். விசாரித்ததில் சர்வர் மென்பொருள் மூன்று வகை என்று தெரிந்தது. விளையாட்டுக் கம்பெனியே தருவது ஒன்று. அதில் நாமாக எதையும் சேர்க்க முடியாது. இரண்டாவதில் பிளகின் என்று சின்னச் சின்ன இணைப்புகள் சேர்க்கலாம். பூட்டு, வேலி, நிலப்பதிவு எல்லாம் உண்டு, விளையாடுகிறவர்கள் தங்கள் பக்கம் ஒன்றும் செய்ய வேண்டாம். மூன்றாவதில் மோட் என்று இன்னும் பெரிய இணைப்புகள் சேர்க்கலாம். நெல், தக்காளி, அடுப்பு என்று உலகத்தையே மாற்றிவிடலாம், ஆனால் அதே மோட்களை விளையாடுகிற ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரிலும் போட்டாக வேண்டும். சேக் பரீது இரண்டாவதற்கு நின்றார். உங்கள் அத்தை மூன்றாவதற்கு. "சோறு வடிக்க வழியில்லாத ஊருல எம்புட்டு நாளைக்குத்தான் ரொட்டியவே தின்னுட்டுக் கெடக்குறது? ஒரு வெஞ்சனம் உண்டா?" என்று கேட்டாள். எனக்கு முதலாவதே போதும் என்று பட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

இணையத்தில் இதற்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. எது நல்லது என்று பணிவாகக் கேட்டு எழுதினேன். பன்னிரண்டு பேர் பதில் போட்டார்கள். முதல் பதில் மட்டும் எனக்கு, மீதி பதினொன்றும் அவர்களுக்குள்ளேயே. இரண்டாவது சர்வர்காரர்கள் அனுப்பிவைத்த ஆள் நான் என்று ஒருவர் கண்டுபிடித்தார். சாயங்காலத்துக்குள் அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள்.

கடைசியில், அடிக்கடி நேரில் பார்க்க வேண்டிய முகம் என்பதால், சேக் பரீது சொன்ன இரண்டாவதைப் போட்டேன். பூட்டோடு நிலப்பதிவும் சேர்ந்து வந்தது. யார் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்டது. ரேஷன் கார்டு தவிர வீட்டில் எல்லாம் என் பெயரில்தானே இருக்கிறது, அந்தப் பழக்கத்தில் என் பெயரை அடித்துவிட்டேன். மறுநாள் காலை உங்கள் அத்தை வந்து கதவைத் தட்டியிருக்கிறாள். 'இந்த இடம் காத்தமுத்துக்குச் சொந்தம். திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை' என்று அவள் திரையில் வந்திருக்கிறது.

"ஏங்க."

"ம்."

"நான் கட்டுன வீடுதான இது?"

"ஆமா, அது வந்து..."

"நான் போட்ட தோட்டம்தான?"

"செத்த நேரம் இரு, சரி பண்ணிர்றேன்."

"முப்பத்தோரு வருசமா கரண்டு பில்லுலருந்து காஸ் புக்கு வரைக்கும் உங்க பேருதான். நான் ஒரு வார்த்த கேட்டிருக்கேனா? இல்லாத ஊருல, இல்லாத நெலத்துலயுமா?"

போய்விட்டாள். அன்றிலிருந்துதான் போனையும் எடுப்பதில்லை. அந்தப் பக்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சேக் பரீது செருமிவிட்டு, "பூட்டு நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார்.

மாப்பிள்ளை, அவள் கேட்டது நியாயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. சரி, அவள் ஆசைப்பட்ட மூன்றாவது சர்வரையே போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு மோட் போட்டால் அது இன்னொன்று வேண்டும் என்றது, அந்த இன்னொன்று சர்வரின் பதிப்பு பழசு என்றது, பதிப்பை மாற்றினால் முதலாவது வரமாட்டேன் என்றது, தமிழ்மதி படித்த காலத்துக் கம்ப்யூட்டர் தோசைக்கல் மாதிரி கொதித்தது, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். எட்டு நாள். எட்டாம் நாள் ஓடியது. நெல் போட்டேன், அறுத்தேன், அடுப்பு வைத்து ஒரு பானை சோறு வடித்து அவள் வீட்டு வாசலில் வைத்தேன். அதன் பிறகுதான் உறைத்தது, அவள் உள்ளே வர வேண்டுமென்றால் அங்கே லேப்டாப்பிலும் அதே மோட்களைப் போட வேண்டும். அதைச் சொல்ல அவள் போனை எடுக்க வேண்டும். சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்.

மில்லில் பஞ்சு வாங்க மூன்று கொட்டேஷன் வந்தால் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு மேனேஜர் மேசையில் வைப்பேன். அதேபோல மூன்று சர்வருக்கும் பட்டியல் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். எது என்று நீங்கள் டிக் அடித்து அனுப்பினால் போதும், மறுபேச்சு இல்லை. அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம், பொதுவாகக் கேட்பதுபோல அவள் அபிப்பிராயத்தையும் கேட்டு எழுதவும். இது தொழில்நுட்பக் கேள்வி மட்டுமே. அங்கிருந்து திண்டுக்கல் வழியாக வரும் ரயிலில் தைக்கு முன்னால் கீழ்ப்படுக்கை கிடைக்குமா என்பது தெரிந்தால் எழுதலாம். தெரியாவிட்டால் பாதகமில்லை.

தமிழ்மதிக்கு என் ஆசிகள். பேரனுக்கு என் முத்தங்கள். தாங்கள் பதவி உயர்வும் உடல்நலமும் தடைபடாத நெட் கனெக்‌ஷனும் பெற்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
பெ. காத்தமுத்து

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பையோடு உங்கள் அத்தை. "மாப்பிள்ளைதான் டிக்கெட் போட்டுக் குடுத்தாரு. நேர்லயே போயி பேர மாத்திக்கங்க அத்தைனு சொன்னாரு" என்றாள். காபிகூடக் குடிக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மூன்றில் அவள் வைத்துக்கொண்டது இரண்டாவதை. பதிவு அவள் பெயரில் இருந்தால் அது நல்ல சர்வர்தானாம். ஆகவே பட்டியலில் டிக் அடிக்க வேண்டாம், மேலே எழுதிய எதற்கும் பதிலும் வேண்டாம். இதை நான் எழுதும்போது அவள் அடுத்த அறையில் சிரித்துக்கொண்டே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள், சேக் பரீதுக்குக்கூட அனுமதி கொடுத்துவிட்டாள் என்று தெரிகிறது. நேரில் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. நீங்கள் சொன்னால் கேட்பாள். கதவெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை, அவள் தோட்டத்து வரப்பில் நடக்க மட்டும் ஒரு அனுமதி வாங்கித் தரவும்.