விக்கல் குலம் கேட்ட படலம்

யார்க்ஷயர் மேட்டுநிலத்து ஈரக்காற்றையும் இரு முழங்கால் வாதத்தையும் எழுபத்தோராண்டு எதிர்த்து நின்ற ஏறு, குறுக்கெழுத்துக் கட்டங்களைக் கொன்று குவித்த கூர்ம்பென்சிலோன், பிழை கண்ட இடமெல்லாம் சிவப்பு மையால் சீறிய அச்சகச் சிங்கம், எர்னெஸ்ட் ஹார்டில் வாழ்க! கலைமகளே, எத்தனையோ பேர் நாவில் ஏறியவள் நீ; அன்று மட்டும் ஏனம்மா இவன் தொண்டையில் மாட்டிக்கொண்டாய்?

போர் எதற்கென்றால், ஒரு நாற்காலிக்கு. ஊர் பப்பில் கணப்படுப்பை ஒட்டிக் கிடக்கும் பழைய தோல் நாற்காலி அது. அக்டோபர் கடைசி ஞாயிறு மதியம் வினாடி வினாவில் வெல்பவர் எவரோ, வசந்தம் வரும்வரை அதில் உட்காரும் உரிமை அவருக்கே. எர்னெஸ்டின் முழங்கால் படும் பாட்டுக்கு அது நாற்காலியல்ல, சொர்க்கம். மற்ற இருக்கைகளில் எல்லாம் குளிரும்.

எதிரே நின்றவளோ, பன்றிப்பண்ணை புரந்த பெருமாட்டி, சேற்றுக்காலணிச் செல்வி, பெரில் க்ளெக். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என இரு மலைகளும் முட்டி நின்ற வேளையில், பப் நடத்தும் மிஸஸ் பூத் கடைசிச் சீட்டைப் பிரித்தாள்.

“விக்கலுக்கு ‘ஹிக்கப்’னு சொல்றோமே, அந்த வார்த்தை எங்கேருந்து வந்துச்சு?”

எர்னெஸ்டின் மார்பு விம்மியது. ஆங்கிலத்தில் அச்சொல்லை எழுத இரண்டு வழி உண்டு. ஒன்று ஒலிப்பதுபோலவே எழுதும் குட்டை. மற்றது இருமலைக் குறிக்கும் ‘காஃப்’ என்ற சொல்லை வாலாகக் கட்டிக்கொண்டு, வாயில் மட்டும் ‘ஹிக்கப்’ என்றே ஒலிப்பது. அச்சுப்படிகளில் குட்டையைக் கண்டபோதெல்லாம் வெட்டி, நாற்பதாண்டு வாலை ஒட்டவைத்தவன் நம் நாயகன்.

“கேண்மின்! இருமல் பெருங்குலத்து உதித்தது இச்சொல்! வாலைக் கண்டும் வம்சம் அறியாதார் உளரோ?” என்று முழங்கினான்.

“என்னய்யா குலம் கோத்திரம்னுட்டு? என் பன்னிக்குட்டிக்கு விக்கல் வந்தா அதுவே ‘ஹிக், ஹிக்’குங்குது. சத்தந்தான்யா வார்த்தையாச்சு. அது எந்தப் பள்ளிக்கூடத்துல இருமல் படிச்சுது?” என்றாள் பெரில்.

சிரிப்பலை அடங்கியதும் அவள் கண் அவன் முழங்காலில் பட்டது. குரல் இறங்கியது.

“சரி விடு எர்னெஸ்டு. உன் முட்டி வலி எனக்குத் தெரியாததா? வாரம் மாத்தி வாரம் உக்காந்துக்கலாம்.”

அடடா, அங்கேயே தலையாட்டியிருக்கலாம் பாவி மனுஷன்! “ஈந்த ஆசனம் ஏற்பேனோ? அகராதி கொணர்க!” என்று ஆர்த்து, வெற்றியை முன்கூட்டியே கொண்டாடுவான்போல் கையிலிருந்த பியர் முழுவதையும் ஒரே மூச்சில் கவிழ்த்தான்.

அண்டம் குலுங்கிற்று, அலமாரிப் புட்டிகள் அதிர்ந்தன, மேசையடி நாய்கள் செவி நிமிர்த்தின. அவன் தொண்டைக் குகையினின்று அவனையே எதிர்த்துப் புறப்பட்டது அந்தச் சாட்சி: “ஹிக்-கப்!”

பப்பே அவன் பக்கம் திரும்பியது.

“இப்ப நீங்க இருமினீங்களா எர்னெஸ்ட்?” என்று மிஸஸ் பூத் கேட்டாள்.

ஆமென்று பொய் சொல்லவே வாயெடுத்தான் வீரன். “ஆ… ஹிக்-கப்!”

தூசி தட்டி வந்த அகராதிக்கும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலியிலிருந்து பிறந்த சொல். இருமலென்று தப்பாக நினைத்தவர்கள் பின்னால் ஒட்டியதே அந்த வால். ஒட்டியவர் யாரென்று அதில் இல்லை, ஆனால் எல்லோரும் எர்னெஸ்டைத்தான் பார்த்தார்கள். அவனுக்கு அவமானத்தில் காது சிவந்துவிட்டது.

“டம்ளரோட அந்தப் பக்க விளிம்புல வாய வெச்சுக் குனிஞ்சு குடி, நின்னுடும்,” என்று பெரில் தண்ணீர் நீட்டினாள். குனிந்தான் குன்றனையான், பாதித் தண்ணீர் சட்டைக்குள் போயிற்று. விக்கல் நிற்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க எர்னெஸ்ட் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்திருந்தான்.