மாடிக்கு ஐந்து சுளை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி; ஞாபகமும் முன்னே பின்னே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தச்சநல்லூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த பாதிக்குப்பாதியைப் போல, எதற்கும் நேராகப் பதில் சொல்லாத மனுஷர் தாமிரபரணிக்கு இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை.

கணக்கில் பெரிய படிப்பு படித்தவர். "மழை வருமா, வே?" என்று என் வீட்டுக்காரர் கேட்டால், "பாதிக்குப் பாதி, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் குடையைப் பாதி விரித்தபடி நடப்பார். டுடோரியலில் பாடம் எடுத்தார். "எம் மவன் பாஸாயிருவானா?" என்று கேட்ட தகப்பனிடமும் அதையே சொன்னார். வேலை போயிற்று.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு பெண்ணைப் பார்த்து, ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா, "எம் மவள கடைசி வரைக்கும் கண் கலங்காம வச்சுக்கிடுவீரா?" என்றார்.

"முக்காப் பங்கு உறுதி, மாமா. கால் பங்கு இப்பம் சொல்ல முடியாது."

"மொதல்ல ஒரு வேலையத் தேடும். அந்தக் கால் பங்கப் பெறகு பேசுவோம்" என்று அவர் எழுந்துவிட்டார்.

பம்பாயில் கணக்குப் போட்டே பங்கு வாங்கி விற்கிற கம்பெனி ஒன்றுக்கு இவர் விண்ணப்பம் போட்டிருந்தார். அதன் அதிகாரி ஏதோ கல்யாணத்துக்கு இந்தப் பக்கம் வந்தவர், இண்டர்வியூவையும் முடித்துவிடலாம் என்று வீட்டுக்கே வந்துவிட்டார். மாடியில் இருந்தது ஒரே நாற்காலி, அதுவும் ஆடும். எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். "இன்னைக்கு ஒரு நாளாவது கண்டிப்பான்னு சொல்லுங்க, தம்பி" என்று காலையிலேயே கெஞ்சியிருந்தேன்.

அதிகாரி மூலையிலிருந்த பலாப்பழத்தைப் பார்த்தார். "சுளைக்கு ஒரு ரூபாய்னு வச்சுக்குங்க. இந்தப் பழத்தை நீங்க என்ன விலைக்கு வாங்குவீங்க, என்ன விலைக்கு விப்பீங்க? அறுத்துத் தட்டுல வச்சதும் எண்ணிப் பார்ப்போம்."

ஒரே பழத்துக்கு எதற்கு இரண்டு விலை? அதுவும் பழம் எங்களுடையது.

"அறுக்கது யாரு?" என்றார் பாதிக்குப்பாதி.

"யார் அறுத்தா என்ன?"

"மதினி அறுத்தா மொதல்ல சாமி படத்துக்கு, பெறகு பக்கத்து வீட்டுக்கு, எதுத்த வீட்டு ஆச்சிக்கு. மிச்சந்தான் தட்டுக்கு வரும். அதக் கழிச்சு, அறுபதுக்கு வாங்குதேன், அறுபத்திரண்டுக்கு விக்கேன்." என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கண்டிப்பா, சார்" என்றார்.

"அப்போ நான் உங்களுக்கு வித்துட்டேன், அறுபதுக்கு."

அடுக்களைக் கதவோரம் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்து, "தட்டுல அறுபதுக்குக் கொறஞ்சா இவருக்கு நட்டம்" என்றார்.

கையில் எண்ணெய் தடவி அறுத்தேன். கொடுக்க வேண்டிய இடங்களுக்குக் கொடுத்தனுப்பினேன். தட்டில் ஐம்பத்தைந்து இருந்தது. பாதிக்குப்பாதி திரும்ப எண்ணினார். அப்போதும் அதேதான். கல்லிடைக்குறிச்சிப் பெண் கைவிட்டுப் போவது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"மதினி, நான் விட்ட வீடு எது?"

அந்நியர் முன் பேசிப் பழக்கமில்லை. கதவு மறைவிலிருந்தே சொன்னேன். "மாடிக்கு அஞ்சு எடுத்து வச்சிருக்கேன். எப்பவும் வைக்கதுதானே."

அவர் தட்டை அதிகாரி பக்கம் நகர்த்தினார். பிறகு, "என்னைய ஒரு வீடா நான் எண்ணல, சார். அடுத்த பழத்துக்கு வெல ஐம்பத்தஞ்சு" என்றார்.

அதிகாரி சிரித்துக்கொண்டே வேலையைக் கொடுத்துவிட்டார். தப்பு எங்கே என்று உடனே தேடுகிற ஆள்தான் அவர்களுக்கு வேண்டுமாம். தோற்றவருக்கு எதற்கு வேலை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆவணியிலோ ஐப்பசியிலோ கல்யாணமும் நடந்தது.

வாங்குகிற விலையையும் விற்கிற விலையையும் மாற்றி எழுதியிருந்தால், விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. பழம் அறுத்தால், ஐந்து சுளையை எடுத்து வைத்த பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வருகிறது.