கைப்பிடிக் கம்பி

"நான் பார்வையாளர் இல்லை. இதை மாட்டிக்க மாட்டேன்."

டீச்சரின் வீட்டுக்காரர் கழுத்து அட்டையைக் கவுண்டரிலேயே வைத்துவிட்டார். அதில் கொட்டை எழுத்தில் 'பார்வையாளர்' என்று போட்டிருந்தது. பின்னால் இருபது பேர் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஊருக்குள் கடல் புகாமல் தடுக்கும் கடல் கதவைப் பதினொரு மணிக்கு மூடிக் காட்டுவார்கள். மணி பத்தே முக்கால்.

"அட்டை இல்லாம உள்ள விடமுடியாது சார்," என்றார் காவலாளி.

டீச்சருக்கு முழங்கால் வலி. சீக்கிரம் உள்ளே போய் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

"இந்தக் கதவுக்கு டிராயிங் போட்டதே இவர்தாங்க," என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

முப்பத்திரண்டு வருஷமாகக் கேட்டுக் காது புளித்த சேதி அது. அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது அவர் இந்த ஊரில், கதவு கட்டும் ஆபீஸில், படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். மகள் பிறந்த சேதிக்கு ஒரே ஒரு கடிதம்தான் பதிலாக வந்தது. 'கடல் ஊருக்குள் வந்துவிட்டது. இங்கே எல்லாம் தலைகீழ். லீவு கிடைக்காது.' மஞ்சள் காமாலையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையை டீச்சர் ஒற்றை ஆளாகக் காத்தாள். நாற்பது நாள் கழித்து அவர் வந்து நின்றபோது ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப் போயிருந்தது. பென்சில் பிடித்துப் பிடித்து என்றார். பைத்தியக்காரி, அந்த விரலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள்.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. மகள் இந்தச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்து கொடுத்தபோது ஒரு முடிவோடுதான் புறப்பட்டாள். பெற்ற பிள்ளையை விடப் பெரிதாகப் போன அந்தக் கதவை ஒருமுறை கண்ணால் பார்ப்பது. நியாயம் என்று மனசுக்குப் பட்டால் மனுஷனை மன்னித்துத் தொலைப்பது.

காவலாளி போன் செய்ய, வழிகாட்டிப் பெண் மைக்கோடு ஓடிவந்தாள்.

"இன்னிக்கு நமக்கு அதிர்ஷ்டம்! இந்தக் கதவை வரைஞ்சவரே வந்திருக்கார்!"

எல்லோரும் கைதட்டினார்கள். மைக் அவர் கைக்குப் போனது.

"இவ்வளவு பெரிய கதவை நீங்க ஒருத்தரேவா வரைஞ்சீங்க?" என்று கேட்டாள் தொப்பி போட்ட ஒரு பெண்.

"முழுக் கதவும்னு சொல்ல முடியாது. பக்கத்துப் பகுதி."

"அந்தத் தூணா?"

"தூணை ஒட்டி... படிக்கட்டு."

"படிக்கட்டு பிரமாதம் சார்!" என்று தாங்கிப் பிடித்தாள் வழிகாட்டி.

"படி வேற ஆள் போட்டது." அவர் தொண்டையைச் செருமினார். மைக்கில் அதுதான் பலமாகக் கேட்டது. "கைப்பிடிக் கம்பி. அது என்னோடது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கூட்டத்தில் பாதி கடல் பக்கம் திரும்பிக்கொண்டது. டீச்சருக்கு மானமே போயிற்று.

"கம்பிக்கா லீவு கிடைக்கல?" என்று பல்லைக் கடித்தாள்.

"கம்பின்னா இளப்பமா? புயல்ல கதவை மூட ஓடுறவன் அதைப் பிடிச்சுத்தான் ஏறணும். அங்குலம் பிசகினா ஆள் கடல்ல!"

அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து வழிகாட்டி அடுத்த வேலையைச் செய்தாள். "வாங்க, எல்லாரும் சாரோட கம்பியைப் பிடிச்சே மேல ஏறுவோம்!"

தொண்ணூற்றிரண்டு படி. டீச்சர் கம்பியையும் கட்டிக்கொண்டவரையும் சேர்த்தே திட்டிக்கொண்டு ஏறினாள். நாற்பதாவது படியில் முழங்கால் மடங்கியது. ஐயோ என்று சாய்ந்தவளின் கை தானாகக் கம்பியைப் பற்றியது. கம்பி இம்மிகூட அசையவில்லை. கீழே கடல் நுரைத்துக்கொண்டிருந்தது.

மேலே போனதும் சங்கு ஒலித்தது. ஐந்து மாடி உயரக் கதவு மெல்ல நகர்ந்து, கடல் உள்ளே வரும் வாயை அடைத்தது. இந்தப் பக்கம் அலை முட்டி மோதியது. அந்தப் பக்கம் மொட்டை மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எந்த வீட்டில் எந்தப் பிள்ளை தூங்குகிறதோ என்று நினைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நல்லாத்தாங்க போட்டிருக்கீங்க," என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த விஷயத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அவர் கடலையே பார்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். கீழே இறங்கியதும், மனசு நிறைந்துபோய், கடிதக் கதை முழுவதையும் வழிகாட்டியிடம் சொன்னாள்.

"அப்போ எங்க ஸ்டோர் கீப்பர் அய்யாவைப் பார்த்தே ஆகணும். அந்தக் காலத்து ஆள். ரிட்டையராகியும் விடாம வர்றார்."

"பஸ் கிளம்பிடும், வா," என்று டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தார் வீட்டுக்காரர்.

"பஸ் ஒண்ணரைக்குத்தாங்க. என்ன அவசரம்?"

அதற்குள் சாவிக்கொத்து குலுங்க ஒரு பெரியவர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "சார்! இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க இத்தனை வருஷமா?"

டீச்சர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனைப் பற்றிப் பெருமையாகப் பேசினாள். "பொண்ணு பொறந்தப்பகூட லீவு கிடைக்காம உங்ககூட இங்கதானேங்க கிடந்தார். பெரிய வெள்ளம் வந்துச்சே, அந்த மாசம்."

பெரியவர் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லீவா? ஆபீஸுக்குள்ளயே கடல் புகுந்து, எங்க எல்லாரையும் அந்த மாசம் பூரா வீட்டுக்கு அனுப்பிட்டாங்களேம்மா! சார்தான் போகமாட்டேன்னு மேட்டுத் தெருவுல என் வாடகை ரூம்லயே உக்காந்து, விரல் காய்ச்சுப் போற வரைக்கும் கேரம் ஆடினாரு!"